ஐந்து பக்கத்து வீடுகள்

பதினான்காவது கேள்வியை நான் படித்தபோது ராஜம்மா வலையில் சிக்கியிருந்த சின்ன நண்டுகளின் கால்களை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டிருந்தார். விலை போகாத நண்டு. முறித்தால்தான் வலை அறுபடாமல் வெளியே வரும். கேள்வி அச்சடித்த தமிழில் இருந்தது. நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் படித்தேன். ‘கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ வெளியூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பாலியல் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட ஒரு பெண் மீட்கப்பட்டு உங்கள் தெருவில் வந்து குடியிருந்தால், அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பீர்களா? ஆம், இல்லை, தெரியாது.’

ராஜம்மாவின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எதிர்வீட்டில் ஒருத்தி கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் குடத்தோடு நின்றார்கள். மூன்று பேரும் கேட்டிருந்தார்கள்.

“இன்னாமே கேள்வி இது” என்றார்.

“பொதுவான கேள்விதாங்க்கா. யாரையும் குறிச்சு இல்ல. எல்லா ஊர்லயும் கேக்கறோம்.”

“எல்லா ஊர்லயுமா?”

“ஆமாங்க்கா. அஞ்சு ஊர்.”

கையிலிருந்த நண்டை மண்ணில் போட்டார். பிறகு, எதிர்வீட்டுக்கும் கேட்கிற குரலில், “மாட்டேன்” என்றார். “அந்த மாரி வீட்ல நாங்க ஏன் தண்ணி குடிக்கப் போறோம். எழுதிக்கோ.”

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அன்று காலை ஒன்பது மணிக்கு நான் தெருவுக்குள் வந்தபோது, ராஜம்மா அடுத்த வீட்டு வாசலில் நின்று ஒரு எவர்சில்வர் சொம்பிலிருந்து தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். அது ஐஸ்வர்யாவின் வீடு. அதையும் நான் பார்த்திருந்தேன். படிவத்தில் பார்த்ததை எழுத இடம் கிடையாது, சொன்னதை மட்டும்தான் எழுத வேண்டும்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் காட்டூர். பொன்னேரியில் கல்லூரி முடித்து, இரண்டு வருஷம் சும்மா இருந்து, சென்னையிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். மீட்கப்பட்டு ஊர் திரும்பிய பெண்கள் அங்கே எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று அறிவதுதான் ஆய்வு. ஊருக்குப் பெயர் கிடையாது, இந்தக் குப்பம் ‘கிராமம் நான்கு’. பெண்ணுக்கும் பெயர் கிடையாது, எண்தான். ஒவ்வொரு பெண்ணிடமும் இரண்டு முறை பேச வேண்டும். இடையில், அவள் வீட்டுக்கு மிக அருகிலுள்ள ஐந்து வீடுகளில் அந்தப் பெண்ணைக் குறிப்பிடாமல் பொதுவான கேள்விகள் கேட்க வேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெண்ணின் படிவம் முழுமையற்றது என்று கழித்துவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சம்மதப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும்.

ஐஸ்வர்யாவோடு முதல் பேச்சு பொன்னேரியில் ஒரு சர்ச் வளாகத்தில் நடந்தது. ஊருக்குள் வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். இருபத்தைந்து வயது. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்ததாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தெற்கே வேறொரு குப்பத்தில் பிறந்தவள். பதினேழு வயதில், இறால் கம்பெனியில் வேலை என்று தெரிந்த பெண்மணி ஒருத்தி ரயிலேற்றிக் கூட்டிப்போனாள். இரண்டு வருஷம் வேறு மாநிலத்தில், ஜன்னலுக்கு அட்டை அடித்த ஒரு வீட்டில் இருந்தாள். பிறகு போலீஸ், கோர்ட்டு, ஒரு வருஷம் விடுதி. பிறந்த ஊருக்குப் போனபோது அவளுடைய நைனா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசினாராம். காசிமேட்டில் மீன் வெட்டுகிற வேலைக்குப் போனாள். அங்கே விசைப்படகு வேலைக்கு இந்தக் குப்பத்திலிருந்து வந்திருந்த தீனாவைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாள்.

“இன்னா சொன்னாரு?”

“சாப்ட்டியான்னு கேட்டாரு” என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பொன்னேரியில் பதிவுத் திருமணம். இந்தக் குப்பத்துக்கு வந்து மூன்று வருஷமாகிறது. மாமியார் வேலம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். ஊருக்கும் தெரியாது. பிறகு, நான் கேட்காததையும் சொன்னாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பாட்டுச் சீட்டு எடுக்கிறார்கள்.

ஏரி கடலோடு சேர்கிற முகத்துக்குப் பக்கத்தில், கம்பு நட்டு வலை கட்டி இறால் பிடிக்கிற இடங்களைப் பாடு என்பார்கள். எந்த இடம் யாருக்கு, எந்த நாள் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். கல்யாணமான ஆணின் பேர்தான் சீட்டில் ஏறும். அந்தக் கல்யாணமும் கிராமத்தார் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். பேர் ஏறாதவன் அடுத்தவன் படகில் கூலிக்குப் போகலாம், பாட்டில் கால் வைக்க முடியாது. பதிவுக் கல்யாணம் என்று தீனாவை மூன்று வருஷம் காக்க வைத்திருந்தார்கள். அவன் படகில்லாமல், வலையிருந்தும் கட்ட இடமில்லாமல், கிராமத்தாரிடம் நடந்துகொண்டேயிருந்தான். இந்த வருஷம் சேர்ப்பதாகத் தலைவர் தாமோதரன் வாயால் சொல்லிவிட்டார்.

“என் பேரு ஒண்ணும் வராது அதுல. அவரு பேருதான். ஆனா அது ஏறிச்சினா நானு இந்த ஊருக்காரி. அப்பறம் யாரும் என்ன ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள். கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். “ஞாயித்துக்கெழம தாண்டட்டும். அதுவரிக்கும் எங்கூட்டாண்ட வராத.”

வர மாட்டேன் என்றேன்.

சொன்னபடி அவள் வீட்டுக்கு நான் போகவில்லை. பக்கத்து ஐந்து வீடுகளுக்குத்தான் போனேன். அதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மேற்பார்வையாளர் பெலிக்ஸ் சாருக்குப் போன் செய்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

“சார், அந்த ஊர்ல மொத்தமே முப்பத்தெட்டு வீடு. அஞ்சு வீடு கேட்டா நடுவுல இருக்கற வீடு எதுன்னு தெரிஞ்சிடும். அடுத்த வாரம் போறேனே.”

“நீங்க பேர் சொல்றீங்களா ஜெனிஃபர்?”

“இல்ல சார்.”

“அப்பறம் எப்படித் தெரியும்? இந்தக் கேள்வித்தாளெல்லாம் கமிட்டி பாத்து ஒத்துக்கிட்டது. வெள்ளிக்கிழமை எனக்கு டேட்டா வேணும்.” அவருக்கு எப்போதும் இதமான குரல். “உங்களால முடியலைன்னா தப்பில்ல. சொல்லிடுங்க, பிரின்சிய அனுப்பிக்கறேன்.”

பிரின்சி என்னோடு படித்தவள். வேலை கேட்டுக் காத்திருந்தாள். போகிறேன் சார் என்றேன்.

ஆகவே, புதன்கிழமை ராஜம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன். ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அடுத்து எதிர்வீடு. அங்கே நான் உட்காரும் முன்பே நாலைந்து பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். தண்ணீர் குடிப்பீர்களா, பிள்ளையைத் தூக்கக் கொடுப்பீர்களா, கல்யாணத்துக்குக் கூப்பிடுவீர்களா என்று மூன்று கேள்விகள். எதிர்வீட்டுப் பெண் மூன்றுக்கும் இல்லை என்றாள். ராஜம்மா ஒன்றுக்கு இல்லை சொன்னதைக் கேட்டவள், மூன்றுக்குச் சொன்னால்தான் தனக்கு மரியாதை என்று நினைத்திருக்கலாம். மூன்றாவது வீட்டில் கிழவி ஒருத்தி, “தண்ணி இன்னாத்துக்கு, நெழலு கூட பட வேணாம்” என்றாள். சிரிப்பு எழுந்தது. நான்காவது வீட்டில் கேள்வியைப் படிக்கவே விடவில்லை. “அல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுக்கமே, அடுப்புல கொழம்பு கீது.”

அப்போது ஐஸ்வர்யா மீன்கூடையோடு தெருவில் வந்தாள். பேச்சு அறுந்தது. பெண்கள் அவளுக்கு வழி விட்டார்கள். தேவைக்கு அதிகமாகவே விலகினார்கள். அவள் என்னைப் பார்த்தாள், மடியிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். எங்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது என்பது ஏற்பாடு. நான் தலையைக் குனிந்து நான்காவது வீட்டின் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையை நிரப்பினேன். கூடையைச் சுமந்தபடியே அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் அந்தத் தெருவில் யாரும் கதவு சாத்துவதில்லை.

இத்தோடு எழுந்து போயிருக்கலாம். நான்கு வீடு முடிந்திருந்தது. ஐந்தாவது வீட்டுக்குப் போனேன்.

மதியம் ஏலக் கொட்டகையைத் தாண்டும்போது தாமோதரன் கூப்பிட்டார். அறுபது வயது, வெள்ளை பனியன், காதோரம் பீடி. பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“உக்காரு பாப்பா. டீ சாப்டறியா?”

“வேணாங்கய்யா.”

“இன்னாத்துக்குக் கையெழுத்து வாங்கின?”

சம்மதப் படிவங்களை எடுத்துக் காட்டினேன். கேள்வி கேட்டதற்கு ஒப்புதல் மட்டும்தான், வேறொன்றுமில்லை என்றேன். கைநீட்டி வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். ஐந்தையும் வரிசையாகப் பார்த்தார்.

“எங்கூர்ல கிராமத்தாருக்குத் தெரியாம ஒரு காயிதத்துல கையெழுத்து போடக் கூடாது. போட்டா தெண்டம். பொம்பளைங்களுக்கும்தான். நீ வெளியாளு, உனுக்குத் தெரியாது.” படிவங்களை மடித்துத் திருப்பித் தந்தார். “அஞ்சு வீடு எழுதிக் குட்துட்டாங்க, அந்த மாரி பொண்ண சேத்துக்க மாட்டோம்னு.”

“அப்படி இல்லங்கய்யா. இது யாரையும் குறிச்சு...”

“எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

படிவங்களை மடியில் வைத்துக்கொண்டேன்.

“அந்தப் பொண்ணு வந்த மூணாம் மாசமே தெரியும். காசிமேட்டுல நம்ம ஆளுங்க இல்லியா. எனுக்குத் தெரியும், ராஜம்மாக்குத் தெரியும், தோ இந்த நாய்க்குக் கூடத் தெரியும். ஒர்த்தரும் கேக்கல. கேக்காத வரிக்கும் பதில் சொல்லத் தேவயில்ல பாரு. அப்டியே ஓடிகினு இருந்துச்சு.” பீடியைக் காதிலிருந்து எடுத்தார், பற்ற வைக்கவில்லை. “நீ கேட்டுட்ட. பதில் காயிதத்துல ஏறிடுச்சு. இனிமே நான் இன்னா பண்றது, சொல்லு.”

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் உண்மையிலேயே யோசனை கேட்பவர்போலக் கேட்டார். படிவங்களைக் கிழித்துவிடட்டுமா என்று வாய்வரை வந்தது. ஐந்தும் முழுமையாக நிரப்பப்பட்டவை. பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். வெள்ளிக்கிழமை அனுப்பியதும் பெலிக்ஸ் சார் பாராட்டிச் செய்தி போட்டார். நான்காவது ஊரின் பதில்கள் எவ்வளவு ஒரேமாதிரி, எவ்வளவு தெளிவாக இருக்கின்றன என்று எழுதியிருந்தார்.

அடுத்த புதன்கிழமை இரண்டாவது பேச்சுக்காகப் போனேன். ஐஸ்வர்யாவின் போன் திங்களிலிருந்து அணைந்திருந்தது. தெருமுனையிலேயே ராஜம்மா பிடித்துக்கொண்டார். என்னோடு நின்று பேசுவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதுபோல் நடுத்தெருவில் நின்றார்.

“உன்னால எனுக்குத் தெண்டம்மே. அஞ்சு வீட்டுக்கும்.”

“ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுக்கா?”

“இன்னா ஆவும்? சீட்டுல அல்லார் பேரும் எழுதினாங்க. தீனா பேரும் எழுதினாங்க. எழுதி, கலசத்துல போடாம, அத்த மட்டும் தனியா வெச்சு மேல கல்லு வெச்சாரு தலைவரு. ‘வூட்ட சரிபண்ணிகினு வந்து போடச் சொல்லு’ன்னாரு. அவ்ளோதான். வேற ஒரு வார்த்த பேசல யாரும்.”

“ஐஸ்வர்யா அங்க இருந்தாங்களா?”

“பொம்பளைங்க நிக்கற எடத்துல நின்னுகினு இருந்தா. என் பக்கத்துல.” ராஜம்மா ஐஸ்வர்யாவின் வீட்டுப் பக்கம் பார்த்தார். “நான் கொஞ்சம் தள்ளி நின்னுகினேன். கையெழுத்து போட்டுக் குட்துட்டு இன்னா பண்றது.”

“அப்பறம்?”

“திங்கக்கெழம வெடிஞ்சதும் தீனாவே வந்தான் தலைவரு வூட்டுக்கு. வூட்ட சரிபண்ணிக்கறேன், எம்பேர போடுங்கன்னான்.”

கேட்டது புரிய எனக்கு நேரம் பிடித்தது. ராஜம்மா என் முகத்தையே பார்த்தார். அதில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும், அவர் குரல் இறங்கியது. “அவ வெச்சா நண்டுக் கொழம்பு தெரு பூரா மணக்கும். போ. உன்னத்தான் பாத்துகினு கீறாங்க.”

வாசலில் வேலம்மா நின்றிருந்தார். காலடியில் துணிக்கடைப் பை ஒன்றும், கயிறு கட்டிய பிளாஸ்டிக் வாளி ஒன்றும் இருந்தன. வாளிக்குள் ஒரு தட்டு, ஒரு டம்ளர், சீப்பு.

“நீதான அந்தக் கேள்வி கேக்கற பொண்ணு? பொதங்கெழம வருவன்னு அவதான் சொன்னா. அதான் ரெண்டு நாளு வெச்சிருந்தேன்.”

“அம்மா, நான் பேசிப் பாக்கறேன். தலைவர்கிட்ட...”

“பேசின வரிக்கும் போதும்.” சத்தம் போடவில்லை. அரிசி விலை சொல்வதுபோல் பேசினார். “எனுக்குத் தெரியும் அவ எங்க இருந்தான்னு. எம்மவன் தூக்கத்துல பேசுவான், அப்பவே தெரியும். தெரிஞ்சிதான் சோறு போட்டேன். காய்ச்சல்ல படுத்தப்ப தலைக்குத் தண்ணி ஊத்தினேன். எங்கூட்டுக்குள்ள இருந்துச்சு, நான் அத்த மூடி வெச்சிகினு இருந்தேன். மூணு வருசமா எம்மவன் அடுத்தவன் படகு தள்றான். இப்ப பாடு வேணுமா அவ வேணுமான்னு ஆயிப்போச்சு.” வாளியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். “உங்களாண்ட விடுதி இருக்குதுல்ல. இட்டுனு போ.”

ஐஸ்வர்யா உள்ளேயிருந்து வந்தாள். தலை வாரி, பூப்போட்ட புடவை உடுத்தி, பயணத்துக்கு ஆயத்தமாக இருந்தாள். வேலம்மா அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்தார், பழக்கத்தில். பிறகு கையை எடுத்துக்கொண்டார். யாரும் அழவில்லை. தெருவில் ஐந்து வீட்டு வாசலிலும் ஆள் இருந்தது. நாங்கள் நடந்தோம். பையை அவள் வைத்துக்கொண்டாள், வாளி என்னிடம் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் டம்ளர் தட்டில் இடித்து ஒலித்தது. தட்டுக்கும் டம்ளருக்கும் நடுவில் கைக்குட்டையைத் திணித்தேன்.

ஏரிக்கரையில் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் எடுப்பேன் என்றான் ஓட்டுநர். நாங்கள் இருவரும், ஒரு மீன்காரம்மாவும். உட்கார்ந்து காத்திருந்தோம்.

“ஐஸ்வர்யா, நான்...”

“மீதிக் கேள்வி இருக்குதுல்ல?” என்றாள். “கேளு.”

“இப்ப வேணாம்.”

“அன்னிக்கு அஞ்சாவது வீடு வரிக்கும் போனியே. இத்த மட்டும் ஏன் வுட்ற. எடு.”

எடுத்தேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மீன்காரம்மா காதில் விழாதபடி மெதுவாகப் படித்தேன். “கணவரின் குடும்பத்தினர் உங்களை ஏற்றுக்கொண்டார்களா?”

“ஏத்துக்கினாங்க.”

பேனா தயங்கியது.

“எழுதுமே. மூணு வருசம் ஏத்துக்கினாங்க. பொய்யா சொல்றேன்?”

‘ஆம்’ என்று டிக் அடித்தேன். அடுத்த கேள்வி, உங்கள் ஊரில் நீங்கள் பாதுகாப்பாக உணர்கிறீர்களா, ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் சொல்லவும்.

“போன வாரம் செவ்வாக்கெழம வரிக்கும் அஞ்சு” என்றாள். “அதுக்குக் கட்டம் கீதா?”

இல்லை. ஆட்டோக்காரன் ஆள் தேடிக் கூவிவிட்டு டீக்கடைப் பக்கம் போனான். மீன்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னாமே, அக்கா தங்கச்சியா? எந்த ஊருக்குப் போறீங்க?”

“பொன்னேரி” என்றேன் நான்.

“அங்க யாரு கீறா?”

ஐஸ்வர்யா ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் இறங்கியிருந்த நேரம். முகத்துவாரத்துப் பக்கம் ஆட்கள் இடுப்பளவு ஆழத்தில் வரிசையாக நின்று பாட்டுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் எல்லோரும் ஒன்றுபோலவே இருந்தார்கள்.

“ஓரத்துல, செவப்புத் துண்டு கட்டினு கீறாரு பாரு” என்றாள். “நல்ல எடம் வுழுந்திருக்குது. நீரோட்டம் நேரா வரும் அங்க.”

நான் பார்த்தேன். ஒருவன் கம்பைப் பிடித்துக்கொள்ள, சிவப்புத் துண்டுக்காரன் தலைக்கு மேல் கட்டையை ஓங்கி அடித்தான். அடி விழுந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. அவன் மறுபடி கட்டையைத் தூக்கிய பிறகுதான், தண்ணீரைக் கடந்து, அதன் சத்தம் எங்களிடம் வந்து சேர்ந்தது.